பீட்டை எடுத்துட்டா பாட்டு நிக்குமா? அவிச்சியின் 'ட்ரூ'

'வேக் மீ அப்' கேட்காதவங்க இந்தக் கேம்பஸ்ல இருக்க வாய்ப்பே இல்லை. ஜிம், டூர் பஸ், கல்ச்சுரல்ஸ் டிஜே நைட்னு எங்கேயாவது காதில் விழுந்திருக்கும். கிடார் ஆரம்பிச்ச உடனே கூட்டமே சேர்ந்து பாடும். ஆனா இந்தப் பாட்டு ஒரு பெரிய கூட்டத்துக்கு முன்னால் முதன்முதலில் வந்தபோது கிடைச்சது கைத்தட்டல் மட்டும் இல்லை. குழப்பம், முணுமுணுப்பு, இணையத்தில் கேலி, எல்லாம் சேர்ந்து வந்தது.

இடம், அமெரிக்காவின் மயாமி. 2013 மார்ச்சில் நடந்த அல்ட்ரா மியூசிக் ஃபெஸ்டிவல். உலக இடிஎம் ரசிகர்களுக்கு அது திருவிழா மாதிரி. மேடையில் அவிச்சி. வயசு 23. கூட்டம் எதிர்பார்த்தது லேசரும் டிராப்பும். அவர் மேடைக்குக் கூட்டி வந்ததோ ஒரு நேரடி இசைக்குழு, ஒரு சோல் பாடகர், ஒரு புளூகிராஸ் பாடகர், எழுபது வயதைத் தாண்டிய ஒரு கன்ட்ரி பாடலாசிரியர். "நாங்க டான்ஸ் ஆட வந்தோம், இங்க என்ன நாட்டுப்புறக் கச்சேரி நடக்குது?"ங்கற ரீதியில் பலர் கடுப்பானார்கள்.

ஆறு மாசம் கழிச்சு, 2013 செப்டம்பரில், அதே பாடல்கள் 'ட்ரூ' என்ற ஆல்பமாக வெளிவந்தன. அவருடைய முதல் ஆல்பம். அதிலிருந்து ஜூன் மாசமே வந்துவிட்ட 'வேக் மீ அப்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. கேலி பண்ணின அதே இசைதான். அப்போ அதுக்குள்ள என்ன இருந்தது? அதைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஆள் யாரு?

உண்மைப் பெயர் டிம் பெர்க்லிங். 1989-இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். அவிச்சி என்பது பௌத்த நூல்களில் வரும் அடிமட்ட நரகத்தின் பெயர். பெரிய ஸ்டுடியோ எதுவும் இல்லாமல், வீட்டுக் கம்ப்யூட்டரில் எஃப்எல் ஸ்டுடியோவை வைத்துக்கொண்டு வளர்ந்த தலைமுறை. பியானோ ரோல் என்ற கட்டத்தாள் மாதிரியான திரையில் மௌஸால் ஒவ்வொரு நோட்டாக வைத்து மெட்டமைப்பவர். நம்ம ஹாஸ்டல் ரூம்களில் கிராக் வெர்ஷனோடு போராடுகிற ஆட்களுக்கு இது தெரிந்த உலகம்தான்.

2011-இல் வந்த 'லெவல்ஸ்' அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதில் வரும் பெண் குரல் யாருடையது தெரியுமா? எட்டா ஜேம்ஸ் 1962-இல் பாடிய ஒரு பாட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. இதுதான் சாம்ப்ளிங். பழைய ரெக்கார்டிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து, புது பீட்டின் மேல் வைப்பது. டான்ஸ் மியூசிக் வேறு இசை வகைகளிடமிருந்து கடன் வாங்கிய முக்கியமான வழி ரொம்ப காலமாக இதுதான். 'ட்ரூ' அந்த வழியை மாற்றியது. அது எப்படின்னு புரிய, இடிஎம் எப்படி வேலை செய்யுதுன்னு இரண்டே பத்தியில் பார்த்துடுவோம்.

டிராப்புக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

அந்தக் காலகட்டத்து இடிஎம்மின் அடிப்படை நிமிடத்துக்கு சுமார் 128 பீட். 60-ஐ 128-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.47 நொடி. அந்த இடைவெளியில் கிக் டிரம் ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கும். நான்கு பீட் சேர்ந்தால் ஒரு பார். நாலு பீட்டிலும் கிக் விழுந்தால் அதற்குப் பெயர் 'ஃபோர் ஆன் த ஃப்ளோர்'. இரண்டாவது, நான்காவது பீட்டில் கிளாப். பாட்டு எட்டு எட்டு பாராக நகரும். முதலில் அமைதி, அப்புறம் பதற்றத்தை ஏற்றும் பில்ட்-அப், ஒரு நொடி நிசப்தம், பிறகு டிராப். அந்தக் காத்திருப்பும் வெடிப்பும்தான் மொத்த விஷயமும்.

இன்னொரு தந்திரம் சைடுசெயின். ஒரு சிக்னலை வைத்து இன்னொரு சிக்னலின் கெயினைக் கட்டுப்படுத்துவது. ஈசிஇ ஆட்களுக்குச் சொன்னவுடனே பிடிபடும். கிக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் சிந்த், பேஸ் ஆகியவற்றின் ஒலி அளவு சட்டெனத் தணிந்து மறுபடி எழும். அதனால்தான் பாட்டு மூச்சு விடுவது போல 'பம்ப்' ஆகிறது. நல்ல சிஸ்டமேடிக் டிசைன். ஆனா இதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கு. டிராப் மட்டுமே பாட்டு ஆகிவிட்டால், அதற்கு முன்னும் பின்னும் இருப்பது வெறும் காத்திருப்பு அறைதான். டிராப்பை எடுத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

துண்டு வேண்டாம், ஆளே வரட்டும்

'ட்ரூ'வில் அவிச்சி செய்தது இதுதான். வேறு இசை வகையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பதற்குப் பதில், அந்த இசையில் ஊறிய ஆட்களையே கூட்டி வந்து, அவர்களோடு உட்கார்ந்து பாட்டை எழுதினார்.

'வேக் மீ அப்'பையே எடுத்துக்குவோம். கிடார் இன்குபஸ் என்ற ராக் இசைக்குழுவின் மைக் ஐன்சிகர். வரிகளும் குரலும் சோல் பாடகர் ஆலோ பிளாக். ஆக, அடித்தளம் ஒரு கிடாரும் ஒரு மனிதக் குரலும். கிக்கும் சிந்தும் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை. வீடு கட்டுவது மாதிரிதான். முதலில் அஸ்திவாரம், அப்புறம்தான் சீரியல் லைட்.

'ஹே பிரதர்' பாடியவர் டான் டிமின்ஸ்கி, அமெரிக்கப் புளூகிராஸ் உலகில் பெரிய பெயர். 2000-இல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படத்தில் ஜார்ஜ் க்ளூனி பாடுவது போல வரும் குரல் இவருடையதுதான். 'அடிக்டட் டு யூ' பாடலை எழுதியவர்களில் ஒருவர் மேக் டேவிஸ். 1969-இல் எல்விஸ் பிரெஸ்லி பாடிய 'இன் த கெட்டோ'வை எழுதியவர். பாடியவர் ஆட்ரா மே. 'லே மீ டவுன்' பாட்டில் டிஸ்கோ காலத்தின் ஷீக் இசைக்குழுவைச் சேர்ந்த நைல் ராஜர்ஸின் கிடார், ஆடம் லாம்பர்ட்டின் குரல். ராக், சோல், புளூகிராஸ், கன்ட்ரி, டிஸ்கோ எல்லாம் ஒரே ஆல்பத்தில்.

ஏன் ஒட்டியது?

பாலில் மோர் ஊற்றினால் தயிராகலாம், எலுமிச்சை பிழிந்தால் திரிந்து போகும். இரண்டு இசை வகைகளைக் கலப்பதும் அப்படித்தான். எல்லாம் எல்லாவற்றோடும் சேராது. புளூகிராஸும் ஹவுஸ் பீட்டும் சேர்ந்ததற்கு ஒரு காரணம் தாளத்துக்குள்ளேயே இருக்கு.

புளூகிராஸ் 1940-களில் கென்டக்கிக்காரர் பில் மன்றோவும் அவர் குழுவும் உருவாக்கிய இசை. பேஞ்சோ, ஃபிடில், மாண்டலின், கிடார், பேஸ், அவ்வளவுதான். பாரம்பரிய அமைப்பில் டிரம்ஸ் கிடையாது. அப்போ தாளம் எங்கிருந்து வருது? ஒன்றிலும் மூன்றிலும் பேஸ் 'தும்' என்று அடிக்கும். இரண்டிலும் நான்கிலும் மாண்டலின் 'சக்' என்று வெட்டும். தும்-சக், தும்-சக். இப்போ மேலே போய் ஹவுஸ் பீட்டைத் திரும்பப் பாருங்க. இரண்டிலும் நான்கிலும் அங்கே கிளாப். ரெண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றே! ரெண்டுமே கால் தட்டி ஆடுவதற்காகப் பிறந்த இசை. ஒன்று களஞ்சியக் கொட்டகையில், இன்னொன்று கிளப்பில்.

'வேக் மீ அப்' டிராப்பில் வரும் சிந்த் மெட்டைக் கவனிச்சா இது இன்னும் தெளிவாகும். ஒலி கம்ப்யூட்டருடையது, ஆனா அந்த மெட்டு ஓடும் விதம் ஒரு ஃபிடில்காரர் கிராமத்து நடனத்துக்கு வாசிப்பது போல இருக்கும். டிராப் பாட்டுக்கு வெளியே தொங்கவில்லை. கிடார் சொன்னதையே அதுவும் தன் மொழியில் தொடர்கிறது.

ரெண்டு டெஸ்ட்

கலப்பு உண்மையிலேயே ஒட்டியிருக்கான்னு எப்படிச் சரிபார்ப்பது? ஒவ்வொரு பக்கமாகக் கழற்றிப் பார்க்கணும். 'ட்ரூ' விஷயத்தில் இந்தச் சோதனை நிஜமாகவே நடந்துவிட்டது.

முதல் டெஸ்ட்: எலக்ட்ரானிக் பகுதியை முழுசா எடுத்துடலாம். ஆலோ பிளாக் 'வேக் மீ அப்'பின் அக்கூஸ்டிக் வடிவத்தைத் தனியாக வெளியிட்டார். கிக் இல்லை, டிராப் இல்லை. பாட்டு ஜம்முனு நிக்குது.

இரண்டாவது டெஸ்ட்: பாட்டை முழுசா கிளப்புக்கே திருப்பி அனுப்பலாம். 2014-இல் அவிச்சி 'ட்ரூ: அவிச்சி பை அவிச்சி' என்று தன் ஆல்பத்தைத் தானே ரீமிக்ஸ் செய்து வெளியிட்டார். அங்கேயும் அந்த மெட்டுகள் தாங்கின.

இதுக்காக ஆல்பம் முழுக்க அற்புதம்னு சொல்ல வரலை. ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓடும் 'டியர் பாய்' பெரும்பாலும் பழைய அவிச்சிதான். மோ என்ற டேனிஷ் பாடகியின் குரல் மட்டும் தனித்துத் தெரியும். சில பாடல்களில் கிடார் வெறும் அலங்காரமாக நின்றுவிடுகிறது. பத்துப் பாட்டில் நாலைந்தில் கலவை முழுசா கூடி வந்திருக்கு. ஒரு முதல் ஆல்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு பக்கம்

இந்தக் கதையை ஹிட் லிஸ்ட்டோடு முடிச்சா நேர்மையா இருக்காது. 'ட்ரூ' வருவதற்கு முன்பே, 2012 ஜனவரியில், 22 வயதில், கணைய அழற்சியால் அவிச்சி நியூயார்க்கில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஓயாத சுற்றுப்பயணம், தூக்கமின்மை, ஒவ்வொரு இரவும் மேடை பயத்தைத் தணிக்கக் குடி. ஸ்டுடியோவில் மெட்டு போடப் பிறந்த ஒருவர், விமானத்துக்கும் மேடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். 2016-இல் சுற்றுப்பயணத்தை நிறுத்துவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு 26 வயது. இசையை விடவில்லை, மேடையைத்தான் விட்டார். 2018 ஏப்ரல் 20 அன்று ஓமனின் மஸ்கட்டில் இறந்தார். 28 வயது.

ப்ளேஸ்மென்ட், அரியர், இன்டர்ன்ஷிப் எனத் தூக்கத்தைத் தியாகம் செய்வதையே பெருமையாகப் பேசுகிற இடத்தில் நாமும் இருக்கோம். அதனால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போக மனசு வரலை. உடம்பு "போதும்"னு சொல்லும்போது கேட்பது தோல்வி இல்லை. உங்க ரூம்மேட் ரொம்ப நாளா சரியா சாப்பிடாம, பேசாம இருந்தா, சும்மா போய்ப் பக்கத்துல உட்காருங்க.

2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் அவருக்கு நினைவு நிகழ்ச்சி நடந்தது. மனநலத்துக்காக அவர் குடும்பம் தொடங்கிய அறக்கட்டளைக்கு நிதி திரட்ட. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். மேடையில் என்ன இருந்தது தெரியுமா? நேரடி இசைக்குழு. வாத்தியங்கள். ஆலோ பிளாக் உட்பட அவரோடு பாட்டு செய்த பாடகர்கள். 2013-இல் மயாமியில் எதைப் பார்த்துக் கூட்டம் முகம் சுளித்ததோ, கிட்டத்தட்ட அதே அமைப்பு. இந்தத் தடவை மொத்த ஸ்டேடியமும் கூடவே பாடியது.

அடுத்த தடவை 'வேக் மீ அப்' ஓடும்போது ஒரு வேலை செய்யுங்க. ஹெட்போனை மாட்டிட்டு டிராப்புக்காகக் காத்திருக்காம, முதல் முப்பது நொடி அந்தக் கிடாரை மட்டும் கேளுங்க. அப்புறம் 'ஹே பிரதர்', 'அடிக்டட் டு யூ' ரெண்டையும் வரிசையா போடுங்க. கூடவே நீங்க எஃப்எல் ஸ்டுடியோவில் செஞ்சு வெச்சிருக்கிற டிராக் எதுவும் இருந்தா, கிக்கை மியூட் பண்ணிட்டு ஒரு தடவை ப்ளே பண்ணிப் பாருங்க. மிச்சம் இருப்பதை யாராவது முணுமுணுக்க முடிஞ்சா, நீங்க சரியான ரூட்லதான் போறீங்க.