மார்ச் மாசத்துப் பைத்தியம்... ஜெயிக்க ஒரு கணக்கு!

மார்ச் மாசம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ். படிச்சிட்டிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். மிட்-டெர்ம், அசைன்மென்ட்னு மண்டை காயுற நேரத்துல லேப் நண்பன் ஒரு தாளை நீட்டி, “பூல்ல சேர்றியா? அஞ்சு டாலர்தான்”ங்கிறான். தாள் முழுக்க 64 காலேஜ் பேர். அதுல பாதியை நீங்க கேள்விப்பட்டதே இல்லை. பாஸ்கெட்பால்ல எத்தனை பேர் ஆடுவாங்கன்னே டவுட்!

நழுவிடாதீங்க பாஸ். புது ஊர்ல நாலு பேரோட பேச இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. மூணு வாரத்துக்கு லேப்ல, கேன்டீன்ல எல்லாம் இதே பேச்சுதான். இன்னொரு ரகசியம்... இதுல ஜெயிக்க பாஸ்கெட்பால் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்லை. கூட்டல், பெருக்கல் தெரிஞ்சா போதும்.

அது என்ன பிராக்கெட்?

என்.சி.ஏ.ஏ. நடத்தும் காலேஜ் பாஸ்கெட்பால் போட்டிக்கு ‘மார்ச் மேட்னஸ்’னு செல்லப் பேர். 2011-லிருந்து ஆண்கள் போட்டியில 68 அணிகள். ஆரம்பத்துல நாலு ஆட்டம் ஆடி 64 ஆகிடும். பெரும்பாலான பூல்கள் இந்த நாலைக் கணக்குல சேர்க்காது. 64 அணிகளும் நாலு மண்டலமா பிரியும். ஒவ்வொரு மண்டலத்துலயும் 1 முதல் 16 வரை தரவரிசை. தோத்தா மூட்டை முடிச்சு கட்ட வேண்டியதுதான், ரெண்டாவது சான்ஸ் கிடையாது. மொத்தம் 63 ஆட்டம். அத்தனையிலும் யார் ஜெயிப்பாங்கன்னு முதல் ஆட்டத்துக்கு முன்னாடியே நீங்க எழுதிக் கொடுக்கணும். அதுதான் பிராக்கெட். மார்ச் நடுவுல ஒரு ஞாயிறு சாயந்திரம் பட்டியல் வரும். வியாழன் மதியத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். நாலே நாள்!

நூத்துக்கு நூறு ஆசை வேண்டாம்

63 ஆட்டத்தையும் சரியா சொல்லிடலாம்னு நினைக்கிறீங்களா? நாணயம் சுண்டி எழுதினா, சாத்தியமான பிராக்கெட்டுகள் சுமார் 92 ஆயிரம் கோடி கோடி. ஆமா, ரெண்டு தடவை கோடி! 2014-ல் முழு பிராக்கெட்டும் சரியா சொன்னா 100 கோடி டாலர்னு ஒரு போட்டியே வெச்சாங்க, வாரன் பஃபெட் பின்னால நின்னார். யாருக்கும் கிடைக்கலை. 2019-ல் ஒஹாயோக்காரர் ஒருத்தர் முதல் 49 ஆட்டத்தையும் சரியா சொன்னார். 50-வதுல அவுட்.

அதனால குறி நூத்துக்கு நூறு இல்லை. உங்க பூல்ல இருக்கிறவங்களைவிட ஒரே ஒரு பாயின்ட் கூட எடுக்கணும். அவ்வளவுதான். இது புரிஞ்சாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

கடைசியிலேர்ந்து எழுதுங்க

வழக்கமா பாயின்ட் எப்படின்னா... முதல் சுற்றில் சரியா சொன்ன ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 1, அடுத்து 2, பிறகு 4, 8, 16, ஃபைனலுக்கு 32. இப்போ கூட்டிப் பாருங்க. முதல் சுற்றின் 32 ஆட்டமும் சரியா இருந்தா 32 பாயின்ட். சாம்பியனைச் சரியா சொன்னா அந்த ஒரே ஆட்டத்துக்கு 32! அதோட விடலை. சாம்பியன் ஆறு ஆட்டமும் ஜெயிச்சிருக்குமே... 1, 2, 4, 8, 16, 32 எல்லாம் கூட்டினா 63. மொத்தமே 192 பாயின்ட்தான். மூணுல ஒரு பங்கு ஒரே ஒரு டீம் கையில!

எல்லாரும் முதல் சுற்றில் மூணு மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டு, சாம்பியனை மூணு நொடியில எழுதுவாங்க. நீங்க தலைகீழா பண்ணுங்க. முதல்ல சாம்பியன், அப்புறம் ஃபைனலிஸ்ட், அப்புறம் கடைசி நாலு பேர். மீதி கடைசியில.

யானைக்கும் அடி சறுக்கும்... எப்பவாவது!

1985-லிருந்து 2025 வரை 40 போட்டிகள் நடந்திருக்கு (2020-ல் கொரோனாவால ரத்து). அதுல 26 தடவை சாம்பியன் ஒரு நம்பர் 1 அணி. அதே காலத்துல நம்பர் 16-உம் நம்பர் 1-உம் மோதின ஆண்கள் ஆட்டம் 160. நம்பர் 1 தோத்தது ரெண்டே முறை. 2018-ல் யு.எம்.பி.சி. 74-54னு வர்ஜீனியாவைச் சாய்ச்சது, 2023-ல் ஃபேர்லி டிக்கின்சன் 63-58னு பர்டூவைக் கவுத்தது. மூணாவதைக் கண்டுபிடிக்கப் போறேன்னு கிளம்பாதீங்க.

நம்பர் 12 அணி நம்பர் 5-ஐ வீழ்த்துறது மூணுக்கு ஒண்ணு நடக்குது. 8-க்கும் 9-க்கும் நடக்கிறது நாணயம் சுண்டற கதை. அதிர்ச்சி வேணும்னா இங்க எழுதிக்கோங்க. தப்பினா போறது ஒரு பாயின்ட். ஆனா “ஒரு கெத்துக்கு” நம்பர் 2 அணியை முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பிட்டு, அது ஃபைனல் வரைக்கும் போச்சுன்னா? 31 பாயின்ட் காலி!

கூட்டத்தை எண்ணுங்க

ஜெயிக்கிற சூட்சுமமே இதுதான். உங்க பூல்ல எத்தனை பேர்?

பத்து பேர்னா ‘ஊரோடு ஒத்து வாழ்’. பலமான நம்பர் 1 அணியை சாம்பியனா போட்டு, வம்பு பண்ணாம இருங்க. மத்தவங்க ஓவரா சாகசம் பண்ணி அவங்களே விழுவாங்க.

ஐம்பது பேர்னா கதை வேற. ஒரு உதாரணம். ‘அ’ அணி சாம்பியன் ஆக 25 சதவிகித வாய்ப்பு. உங்களையும் சேர்த்து 20 பேர் அதையே எழுதியிருக்காங்க. அது ஜெயிச்சாலும் 20 பேரோட அடிச்சுக்கணும். 25-ஐ 20-ஆல வகுத்தா உங்க பங்கு சுமாரா 1.25 சதவிகிதம். ‘ஆ’ அணிக்கு 16 சதவிகிதம்தான், ஆனா எழுதினது நாலே பேர். 16-ஐ 4-ஆல வகுங்க. 4 சதவிகிதம்! பலவீனமான குதிரைதான், ஆனா லாபம் மூணு மடங்குக்கு மேல.

யார் எந்த அணியை எழுதுறாங்கன்னு எப்படித் தெரியும்? ஈ.எஸ்.பி.என். நாடு முழுக்க எத்தனை சதவிகிதம் பேர் யாரைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு வெளியிடும். அதை கென் பாமராய் மாதிரி புள்ளிவிவரக்காரங்க போடுற ரேட்டிங்கோட ஒப்பிடுங்க. ரேட்டிங்ல உயரம், ஜனங்க கணக்குல குள்ளம்னு ஒரு அணி இருக்கும். அதுதான் உங்க குதிரை. கூடவே உள்ளூர்ப் பாசத்தையும் கவனிங்க. நார்த் கரோலினாவுல இருந்தா பலர் கை தானா டியூக் அல்லது நார்த் கரோலினா பக்கம் போகும். அந்த அணிகளை அங்க விடுறது புத்திசாலித்தனம்.

போன வருஷத்துக் கோபம் வேண்டாம்

2018-ல் மானம் போன வர்ஜீனியா, 2019-ல் சாம்பியன்! 2023-ல் தலைகுனிஞ்ச பர்டூ, 2024-ல் ஃபைனல் வரைக்கும் வந்தது. “இவனுங்க கடைசியில சொதப்புவானுங்க”ன்னு ஒதுக்கினவங்க கைதான் சுட்டது. காயம் மறக்காத மனசு, கணக்குக்கு ஆகாது.

டை ஆனா?

பெரும்பாலும் ஃபைனல்ல ரெண்டு அணியும் சேர்ந்து எடுக்கிற பாயின்ட்டை எழுதச் சொல்வாங்க. 2021 முதல் 2025 வரை அது 156, 141, 135, 135, 128. 130-களில் ஒரு நம்பர் போடுங்க. 200-னு எழுதி சிரிப்பு வாங்காதீங்க.

ஒரு நிமிஷம்... சீரியஸா!

காசு வெச்சு ஆடுற பூலுக்கு ஒவ்வொரு மாநிலத்துலயும் ஒவ்வொரு சட்டம். மாணவர் விசாவுல இருக்கிறப்போ வீண் வம்பு எதுக்கு? காம்பஸ் அத்லெடிக்ஸ் டிபார்ட்மென்ட்ல பார்ட்-டைம் வேலை பார்த்தா இன்னும் உஷார். என்.சி.ஏ.ஏ. விதிப்படி வீரர்கள், பயிற்சியாளர்கள், அந்தத் துறை ஊழியர்கள் காசு பூல்ல சேரவே கூடாது. அஞ்சு டாலருக்கு ஆசைப்பட்டு வேலையைத் தொலைக்காதீங்க. இலவச பூல் எத்தனையோ இருக்கு.

கடைசியா ஒண்ணு. இவ்வளவு கணக்கும் போட்டு, நீங்க படிக்கிற காலேஜ் பட்டியல்ல இருந்தா என்ன பண்றது? கணக்கு பிராக்கெட்ல மூளை சொல்றதை எழுதுங்க. இன்னொரு தாள் எடுத்து, உங்க காலேஜையே சாம்பியனா எழுதி ரூம் சுவத்துல ஒட்டுங்க. முதல் தாள் ஜெயிச்சா பீட்சா. ரெண்டாவது ஜெயிச்சா... அன்னிக்கு ராத்திரி ஊரே தெருவுல இருக்கும். அந்தக் கூட்டத்துல நீங்களும் அந்த ஊர்க்காரர்தான்!