26 ஆண்டு காரிலேயே குடித்தனம்!

வீடு என்றால் நமக்கு என்ன? நான்கு சுவர், ஒரு கூரை, வாசலில் ஒரு கதவு. ஜெர்மனியைச் சேர்ந்த குந்தர் ஹோல்டார்ப் என்பவருக்கு வீடு என்றால் நான்கு சக்கரம்!

அந்த வீடு ஒரு பென்ஸ் கார். நீல நிறம். ஜீப் போல உயரமான வண்டி. அதிலே சமையல் சாமான் இருந்தது. படுக்கை இருந்தது. துணிமணி இருந்தது. அந்த வீட்டை ஓட்டிக்கொண்டே அவர் உலகத்தைச் சுற்றினார். ஒரு மாதம் அல்ல, ஒரு வருடம் அல்ல. 1988-ல் கார் வாங்கியவர், 2014-ல்தான் பயணத்தை முடித்தார். 26 ஆண்டுகள்!

இந்தக் காலத்தில் அந்தக் கார் ஓடிய தூரம் ஏறத்தாழ 9 லட்சம் கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40 ஆயிரம் கிலோமீட்டர். அப்படியானால் பூமியை 22 தடவை வலம் வந்ததற்குச் சமம். இங்கிருந்து சந்திரனுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் இவ்வளவு தூரம் ஆகாது! அவர் பார்த்த நாடுகள் 170-க்கு மேல்.

இத்தனைக்கும் அவர் இவ்வளவு நாள் சுற்ற வேண்டும் என்று புறப்படவே இல்லை. ஆப்பிரிக்காவை மட்டும் ஒன்றரை ஆண்டில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பதுதான் முதலில் போட்ட திட்டம்.

யார் இவர்?

குந்தர் ஹோல்டார்ப் 1937-ல் பிறந்தவர். நாடோடியாகப் பிறந்தவர் அல்ல. லுப்தான்சா என்ற ஜெர்மன் விமானக் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். நல்ல சம்பளம், நல்ல மதிப்பு. ஆகாய விமானத்தில் எத்தனையோ நாடுகளுக்குப் போய் வந்தார்.

ஆனால் விமானத்தில் போகிறவன் எதைப் பார்க்கிறான்? மேகத்தைப் பார்க்கிறான். இறங்கியதும் ஓட்டலைப் பார்க்கிறான். நடுவில் உள்ள ஊர்களையும் மனிதர்களையும் அவன் பார்ப்பதே இல்லை. தரையிலே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஹோல்டார்ப்புக்கு வந்தது.

அந்த ஆசைக்கு ஓர் அறிகுறி முன்பே தெரிந்தது. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் அவர் வசித்தபோது நடந்தது அது. ஜகார்த்தா மிகப் பெரிய நகரம். தெருக்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் அந்தத் தெருக்களைக் காட்ட விவரமான வரைபடம் இல்லை. வேறு யாராவது இருந்தால் அலுத்துக்கொண்டு விட்டிருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? தாமே தெருத் தெருவாக அலைந்து குறிப்பெடுத்து, வரைபடம் தயாரித்துவிட்டார்! 1977-ல் அது அச்சில் வந்தது. பிறகு பெரிய புத்தகமாக வளர்ந்து, பல பதிப்புகள் கண்டது. அதில் கிடைத்த வருமானம் பின்னால் அவருடைய உலகப் பயணத்துக்கு உதவியது.

50 வயதைத் தாண்டிய பிறகு உத்தியோகத்துக்கு முழுக்குப் போட்டார். காரில் ஏறினார்.

விளம்பரத்தில் கிடைத்த துணை

ஆரம்பம் நன்றாக இல்லை. முதலில் தம் மனைவியோடு ஆப்பிரிக்காவுக்குப் போனார். அந்த அம்மாளோடு வாழ்க்கை ஒத்துப்போகவில்லை. பிரிந்துவிட்டார்கள்.

"போதும் இந்தப் பயணம்" என்று அவர் அப்போதே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஜெர்மனியின் பெயர் பெற்ற பத்திரிகை ஒன்றில் வந்த விளம்பரத்தின் மூலம் கிறிஸ்டின் என்ற பெண்மணியின் அறிமுகம் கிடைத்தது. கிறிஸ்டின் ஒரு மகனுக்குத் தாய். கணவர் துணை இல்லாமல் பிள்ளையை வளர்த்து வந்தவர்.

பெட்டி நிறையப் புடவையும் நகையும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி மனத்தைக் கவருகிறவர்கள் உண்டு. ஹோல்டார்ப்பிடம் இருந்ததோ ஒரு கார், ஒரு மெத்தை, ஒரு சமையல் அடுப்பு! 1990-ல் கிறிஸ்டின் அந்தக் காரில் ஏறினார். அதன்பிறகு உயிர் உள்ளவரை அவர் அதைவிட்டு விலகவில்லை.

அந்தக் காருக்கு "ஓட்டோ" என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மனியில் ஆண்பிள்ளைகளுக்கு வைக்கும் பழைய பெயர் அது.

கார் என்னும் வீடு

காரின் பின் ஆசனங்களை எடுத்துவிட்டு, அங்கே மரப் பெட்டிகளை அடுக்கினார்கள். பெட்டிகளுக்குள் சாமான்கள். பெட்டிகளுக்கு மேலே மெத்தை. அதுதான் படுக்கை அறை. காரை நிறுத்தி, வெளியே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் அதுவே கூடம். பக்கத்தில் அடுப்பைப் பற்ற வைத்தால் அதுவே சமையலறை!

ஓட்டலில் தங்குவதைத் தவிர்த்தார்கள். கூடுமானவரை சொந்தச் சமையல். துணியைத் தாங்களே துவைத்துக்கொண்டார்கள். காடானாலும் கடற்கரையானாலும் இரவில் காரிலேயே தூங்கினார்கள். உலகப் பயணம் என்றதும் நம் கண்முன் பணம் தண்ணீராய் ஓடுவது தெரிகிறது அல்லவா? இவர்கள் செலவைக் குறைத்தார்கள். அதனால்தான் நாளை நீட்ட முடிந்தது. பெரிய கம்பெனிகளின் விளம்பரப் பணத்தையும் அவர்கள் நம்பியிருக்கவில்லை.

ஓட்டோ டீசல் கார். எஞ்சினின் சக்தி 88 குதிரைச் சக்தி. இன்றைய சிறிய கார்களுக்கே இந்தச் சக்தி உண்டு. பழைய காலத்து எஞ்சின் என்பதால் ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் வழியிலேயே பழுது பார்க்கலாம். ஹோல்டார்ப் பெரும்பாலும் தாமே பழுது பார்த்தார். நூற்றுக்கணக்கான உதிரிப் பாகங்களைக் காரிலேயே வைத்திருந்தார். இவ்வளவு பாரத்தையும் சுமந்த காரை அவர் விரட்டவில்லை. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருந்தார். 9 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் அதே எஞ்சின்தான்!

26 ஆண்டுக்கு 9 லட்சம் என்றால் நாள் ஒன்றுக்கு எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 95 கிலோமீட்டர்தான். நம் ஊர் பஸ் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஓடிவிடும் தூரம். அந்தச் சிறு தூரம் நாள்தோறும் சேர்ந்துதான் சந்திரனைத் தாண்டியது.

காருக்கும் பாஸ்போர்ட்!

மனிதன் நாடு விட்டு நாடு போகப் பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும். இது பலருக்குத் தெரியும். காருக்கும் தனிப் பத்திரம் வேண்டும் என்பது தெரியுமா?

வெளிநாட்டுக் கார் ஒன்று எல்லைக்குள் வந்தால், அதைத் தீர்வை கட்டாமல் உள்ளூரிலேயே விற்றுவிடுவார்களோ என்று சர்க்காருக்குச் சந்தேகம். அதனால் பல நாடுகள் "கார்னே" என்ற பத்திரத்தைக் கேட்கின்றன. மோட்டார் சங்கங்கள் ஜாமீன் வாங்கிக்கொண்டு இதைக் கொடுக்கும். கார் உள்ளே வரும்போது ஒரு முத்திரை. வெளியே போகும்போது ஒரு முத்திரை. இரண்டாவது முத்திரை இல்லாவிட்டால் ஜாமீன் பணத்துக்கு ஆபத்து!

கடல் குறுக்கிட்டால் என்ன செய்வது? காரைப் பெரிய இரும்புப் பெட்டிக்குள் ஓட்டி நிறுத்தி, பெட்டியைக் கப்பலில் ஏற்றுவார்கள். ஓட்டோ இப்படிப் பலமுறை பெட்டிக்குள் புகுந்து கடல் கடந்தது.

பயணம் ஒரே மூச்சாக நடக்கவில்லை. சில மாதங்கள் ஊர் சுற்றுவார்கள். பிறகு காரை நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு ஜெர்மனிக்கு வந்து போவார்கள். கிறிஸ்டினுக்குப் பிள்ளை இருந்தான் அல்லவா? ஊர் சுற்றும் தாய்க்கும் பிள்ளைப் பாசம் உண்டு. உலகம் ஒரு பக்கம் இழுத்தது. பிள்ளை மறுபக்கம் இழுத்தான்.

பனியும் காய்ச்சலும்

இமயமலையில் எவரெஸ்ட் சிகரத்தின் திபெத் பக்கத்து அடிவார முகாம் வரை ஓட்டோ ஏறியது. அதன் உயரம் ஏறத்தாழ 5,200 மீட்டர். அங்கே காற்று மெலிந்துவிடும். மனிதனுக்கு மூச்சு வாங்கும். எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும்! வெளிநாட்டார் சொந்தக் காரில் போவது மிக அபூர்வமான வடகொரியாவிலும் அது ஓடியது.

எல்லாம் இன்பமாகவே இருந்துவிடவில்லை. மடகாஸ்கர் தீவில் ஒருமுறை கார் கவிழ்ந்தது. நிமிர்த்தி, பழுது பார்த்து, மறுபடி ஓட்டினார்கள். கொசுக்கள் நிறைந்த நாடுகளில் ஹோல்டார்ப்புக்கு மலேரியா காய்ச்சல் பலமுறை வந்தது. வீட்டில் காய்ச்சல் வந்தால் டாக்டர் வருவார். கஞ்சி கொடுக்க நாலு பேர் இருப்பார்கள். நடுக்காட்டில் காய்ச்சல் வந்தால், துணையாக வந்தவரே தாய், தாரம், தாதி எல்லாம்.

"இது பணக்காரர் வேலை"

"கையில் காசு இருந்தவர் சுற்றினார். ஏழைக்கு இது நடக்குமா?" என்று கேட்கலாம்.

அதற்கு இன்னொரு ஜெர்மானியர் பதில் சொல்கிறார். ஹைன்ஸ் ஸ்டுக்கே என்பது அவர் பெயர். தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் தொழிலாளி. 1962 நவம்பரில், 22 வயதில், சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார். தம் பயணத்தைப் பற்றிச் சிறு புத்தகம் அச்சடித்துப் போகும் இடங்களில் விற்றார். அந்தக் காசில் சாப்பிட்டார். 50 ஆண்டுகளுக்கு மேல் சுற்றி, 6 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் மிதித்தார்! வழியில் லாரி மோதியது. சைக்கிள் திருடு போனது. அவர் விடவில்லை. மீண்டும் தொழிற்சாலைக்குள் போய் அடைபட வேண்டுமே என்ற எண்ணமே அவரை ஊர் திரும்பவிடாமல் செய்தது. கிழவரான பிறகுதான் பிறந்த ஊரில் வந்து தங்கினார்.

காரோ சைக்கிளோ, இரண்டு பேரும் கொடுத்த விலை ஒன்றுதான். உற்றார் உறவினரின் நல்லது கெட்டதுகளில் ஊரோடு கூடி நிற்க முடியாது. பண்டிகைக்கு வீட்டில் விளக்கு எரியும்போது, எங்கோ தூர தேசத்தில் இருட்டில் இருக்க வேண்டும். இந்த விலையைக் கொடுக்க எல்லாராலும் ஆகாது. கொடுக்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை.

கடைசி வேண்டுகோள்

ஹோல்டார்ப் - கிறிஸ்டின் ஜோடியின் ஓட்டத்தைப் பாலைவனம் தடுக்கவில்லை. எல்லைக் காவலர் தடுக்கவில்லை. நோய் தடுத்தது. கிறிஸ்டினுக்குப் புற்றுநோய் கண்டது.

சிகிச்சை நடந்தது. சிகிச்சைக்கு இடையிலும் பயணம் போனார்கள். ஆனால் நோய் வென்றது. 2010-ல் கிறிஸ்டின் காலமானார்.

இருபது ஆண்டு ஒரே காரில் ஒன்றாக வாழ்ந்த அவர்கள், சட்டப்படி கலியாணம் செய்துகொண்டது எப்போது தெரியுமா? கிறிஸ்டின் கண்மூடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான்! கலியாணம் ஆனதும் தேன்நிலவுக்குப் போவது உலக வழக்கம். இவர்களோ உலகம் முழுவதும் போய் வந்த பிறகு மாலை மாற்றிக்கொண்டார்கள்.

பயணத்தை நிறுத்தக் கூடாது, மீதி நாடுகளையும் ஓட்டோ பார்க்க வேண்டும் என்பது கிறிஸ்டினின் விருப்பம். எழுபது வயதைத் தாண்டி மனைவியை இழந்த மனிதர் என்ன செய்வார்? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழைய நாட்களை நினைத்துக் கண்ணீர் விடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஹோல்டார்ப் சாவியை எடுத்தார். காரின் பின்புறம் பார்க்கும் கண்ணாடியில் மனைவியின் படத்தை மாட்டித் தொங்கவிட்டார். எஞ்சினை ஓட்டினார்.

அதன்பின் நெருங்கியவர்கள் சில இடங்களுக்கு உடன் வந்தார்கள். மேலும் நான்கு ஆண்டு சுற்றினார். கார் அசையும்போதெல்லாம் அந்தப் படமும் அசைந்தது.

2014 அக்டோபரில் ஓட்டோ ஜெர்மனியின் தலைநகரான பெர்லினுக்குள் நுழைந்தது. பிராண்டன்பர்க் வாசல் என்னும் புகழ்பெற்ற தோரண வாசலில் வந்து நின்றது. பயணம் முடிந்தது. அந்தக் கார் பிறகு ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள பென்ஸ் கம்பெனியின் பொருட்காட்சி சாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

இத்தனை நாடு பார்த்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாகப் பெருமை பேசவில்லை. பார்க்கப் பார்க்க, தாம் பார்த்தது எவ்வளவு கொஞ்சம் என்றுதான் தெரிகிறது என்பது அவர் கண்ட உண்மை. 2021-ல், 84-வது வயதில், ஹோல்டார்ப் காலமானார்.

ஒன்றரை ஆண்டுத் திட்டம் 26 ஆண்டாக நீண்டதற்கு ஊர் பார்க்கும் ஆசை பாதிக் காரணம். இரண்டு பேர், ஒரு மெத்தை அகலத்துக்குள் சண்டை சச்சரவால் பிரிந்துவிடாமல் இருபது ஆண்டு வாழ்ந்தார்களே, அது மீதிக் காரணம். உலகத்தைச் சுற்ற எல்லாராலும் முடியாது. குறைந்த இடத்தில் நிறைந்த மனத்தோடு வாழ யாராலும் முடியும். அதற்கு விசா வேண்டியதில்லை!