எஞ்சிய நேரம் ஏன் பொய்க்கிறது?

ஈகை என்றதும் பொன்னும் பொருளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் புதியதோர் ஈகையும் உலகில் வழங்கி வருகிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் வேலையின்றி இருக்கும் கணிப்பொறியின் உழைப்பை அறிவியல் ஆராய்ச்சிக்கு அளிப்பதே அது. மிகப் பெரிய கணக்கொன்றைச் சிறு சிறு கூறுகளாகப் பகுத்து, தொண்டர்களின் கணிப்பொறிகளுக்கு இணையத்தின் வழி அனுப்புவர். ஒவ்வொரு பொறியும் தன் பங்கை முடித்து விடையைத் திருப்பி அனுப்பும்.

இம்முறையைப் பலரும் அறியச் செய்தது, 1999ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கிய 'செட்டி-அட்-ஹோம்' என்னும் திட்டமாகும். போர்ட்டோ ரிக்கோத் தீவின் அரசிபோ வானலைத் தொலைநோக்கி பதிவு செய்த அலைகளில், வேற்றுலக அறிவுயிர்களின் குறி ஏதேனும் உண்டா என்று அது தேடிற்று. அவ்வளாகத்தினரே பின்னர் 'போயின்க்' என்னும் பொது மென்பொருளை உருவாக்கினர். 2004இல் செட்டி அதனுள் வந்தது; தட்பவெப்ப ஆராய்ச்சி, புரத ஆராய்ச்சி முதலிய வேறு திட்டங்களும் அதனைக் கைக்கொண்டன. செட்டி 2020 மார்ச்சு மாதத்தோடு புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. போயின்க் இன்றும் இயங்குகிறது.

போயின்க் திரையில் ஒவ்வொரு வேலைக்கும் நேராக மூன்று செய்திகள் காணப்படும். முடிந்த பங்கு நூற்றுக்கு எவ்வளவு, கழிந்த நேரம் எவ்வளவு, எஞ்சிய நேரம் எவ்வளவு என்பன அவை. இவற்றுள் மூன்றாவதே தொண்டரைக் குழப்புவது. இரண்டு மணி என்று காட்டியது பத்து மணியாகியும் முடிவதில்லை. இரண்டு நாள் என்று காட்டியது சில நிமிடத்தில் முடிகிறது. சில வேளைகளில் எஞ்சிய நேரம் குறைவதற்கு மாறாகக் கூடிக்கொண்டே போகிறது! பொறி பழுதாயிற்றோ என்று ஐயுற்று வேலையை இடையில் நீக்கிவிடுவோரும் உளர். அதனால் பல மணி நேர உழைப்பும் மின்சாரமும் வீணாகின்றன. ஆதலின், இவ்வெண் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல் நலம்.

மதிப்பு பிறக்கும் வழி

வேலை தொடங்குமுன் காட்டப்படும் நேரம் ஒரு வகுத்தற் கணக்கேயாகும். இவ்வேலைக்கு எத்தனை கணிப்புச் செயல்கள் வேண்டும் என்று திட்டத்தார் ஒரு மதிப்புத் தருவர். பொறி வினாடிக்கு எத்தனை செயல்களைச் செய்யவல்லது என்பதைப் போயின்க் ஒரு சிறு சோதனையால் அளந்து வைத்திருக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் நேரம் கிடைக்கும். 36 இலட்சம் கோடிச் செயல்கள் கொண்ட வேலையை, வினாடிக்கு 100 கோடிச் செயல்கள் செய்யும் பொறி 36,000 வினாடிகளில், அதாவது 10 மணி நேரத்தில் முடிக்கும். வகுத்தலில் பிழை இல்லை. வகுக்கப்படும் எண்ணும் வகுக்கும் எண்ணுமே ஐயத்திற்குரியவை.

வேலையின் அளவு

சில வேலைகளின் அளவை முன்கூட்டியே அறியலாம். தட்பவெப்ப மாதிரிக் கணிப்பில், காலத்தைச் சம அளவான படிகளாகப் பகுத்து ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு கணக்குச் செய்வர். அங்கே மதிப்பு பெரிதும் பொய்க்காது. தேடும் வேலைகளோ அவ்வாறல்ல. செட்டித் திட்டத்தில், பதிவு செய்யும் வேளையில் தொலைநோக்கி வானில் எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பொறுத்து ஆராய்ச்சியின் அளவே மாறிற்று. மேலும், மனிதரின் கருவிகளிலிருந்து எழும் வானலை இரைச்சல் மிகுந்த பகுதியாயின், 30 குறிகள் அகப்பட்டவுடன் வேலை அத்துடன் நிறுத்தப்படும். பல மணி எனக் கணித்த வேலை சில நொடிகளில் முடிந்தது இதனாலேயாம்.

பொறியின் வேகம்

போயின்க் செய்யும் சோதனைகளுள் ஒன்றன் பெயர் 'வெட்ஸ்டோன்' என்பது. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரிலுள்ள ஓர் ஊரின் பெயரே அதற்கு அமைந்தது. அது சிறிய சோதனை. பொறியின் அண்மை நினைவகத்துள்ளேயே அடங்கிவிடும். உண்மையான வேலையோ பெருந்தரவுகளைத் தொலைவிலுள்ள நினைவகத்திலிருந்து எடுத்தும் வைத்தும் செய்யப்படுவது. நூறு அடி ஓடும் வேகத்தைக் கொண்டு பத்துக் கல் நடக்கும் நேரத்தைக் கணித்தால் என்னாகும்? உரிமையாளர் வேறு வேலைகளுக்குப் பொறியைப் பயன்படுத்தினாலும் நேரம் நீளும்.

திருத்தமும் அதன் குறையும்

இக்குறையை நீக்கப் போயின்க் ஒரு திருத்த எண்ணை வைத்துக்கொண்டது. ஒரு வேலை மதிப்பினும் இரு மடங்கு நேரம் எடுத்தால், அடுத்த வேலைகளின் மதிப்பும் உடனே அதற்கேற்ப உயரும். மதிப்பினும் விரைவில் முடிந்தாலோ, எண் சிறிது சிறிதாகவே தாழும். ஏற்றம் விரைவு, இறக்கம் மெதுவு என அமைத்ததற்குக் காரணம் உண்டு. நேரத்தைக் கூட்டிச் சொன்னால் பொறி குறைந்த வேலைகளைக் கேட்டு வாங்கும். அதனால் வரும் கேடு சிறிது. குறைத்துச் சொன்னாலோ அளவுக்கு மீறி வாங்கிக் குவித்து, கெடு நாளுக்குள் முடிக்க மாட்டாமல் திணறும். கெடு தப்பிய வேலையை வேறொருவர் பொறிக்கு அனுப்ப நேரும். ஒரே வேலைக்கு இரட்டைச் செலவு ஆகும்.

ஆனால், இத்திருத்த எண் ஒரு திட்டத்திற்கு ஒன்று என்றே முதலில் அமைந்தது. ஒரு திட்டத்தில் இருவகை வேலைகள் இருந்து, ஒன்றன் மதிப்பு மிகையாகவும் மற்றதன் மதிப்பு குறைவாகவும் இருப்பின், எண் ஏறுவதும் இறங்குவதுமாய் ஊசலாடும். ஆகவே பின்னாளில், ஒவ்வொரு பொறியும் ஒவ்வொரு வகை வேலைக்கு எடுத்த நேரத்தின் சராசரியைத் திட்டத்தாரின் வழங்கிக் கணினியே குறித்து வைக்கும் முறை வந்தது. அதற்கும் முன்வரலாறு வேண்டும். புதிய பொறிக்கும் புதிய வகை வேலைக்கும் வரலாறு ஏது? அதனால்தான் தொடக்க வேலைகளின் மதிப்பு பெரும்பாலும் பிழைபடுகிறது.

வேலை தொடங்கிய பின்னர் முடிந்த பங்கும் கணக்கில் சேர்கிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியர் ஒருவர் நாற்பது விடைத்தாள்களில் இருபதைத் திருத்திவிட்டார் எனின், பாதி வேலை முடிந்தது என்போம். எஞ்சிய இருபதும் நெடிய கட்டுரைகளாக இருந்தால்? பாதி எண்ணிக்கை வேறு, பாதி நேரம் வேறு. எஞ்சிய நேரம் கூடிக்கொண்டே போவதன் மறைபொருள் இதுவே.

ரொசெட்டா-அட்-ஹோம் என்னும் புரத ஆராய்ச்சித் திட்டம் இச்சிக்கலைத் தலைகீழாகத் தீர்த்தது. வேலையை வகுத்து நேரத்தைத் தேடாமல், நேரத்தை முன்னே வகுத்து, அதற்குள் இயன்ற அளவு புரத வடிவங்களை ஆராயச் செய்தது. எல்லா ஆராய்ச்சிக்கும் இவ்வழி பொருந்தாது.

தொண்டர் செய்யத்தக்கது

தொண்டர் நோக்க வேண்டியது எஞ்சிய நேரத்தை அன்று; முடிந்த பங்கினையே. அது நூற்றில் ஒரு சிறு பின்னமாயினும் ஏறிக்கொண்டிருந்தால், பொறி உழைக்கிறது என்பது பொருள். கெடுவுக்குக் காலம் இருக்குமாயின் அதனை விட்டுவிடுதலே முறை. நெடுநேரம் சற்றும் அசையாது நின்றால் மட்டும் ஐயுறலாம். புதிய பொறியில் தொடங்குவோர் முதல் சில நாட்களுக்குக் குறைந்த வேலைகளையே இருப்பில் வைத்தல் வேண்டும்.

எண்ணித் தெளிவது கணக்கு. அறியாததை அறிந்ததைக் கொண்டு உய்த்துணர்வது மதிப்பு. திரையில் மணியும் நிமிடமும் வினாடியுமாய் அவ்வெண் நிற்பதால் அதனைக் கணக்கென்று நாம் மயங்குகிறோம். அது வினாடி வரை எழுதப்பட்ட குத்துமதிப்பே. இதனை உணர்ந்தவர் தாம் அளித்த கொடையைப் பாதியில் பறித்துக்கொள்ள மாட்டார்.