வீட்டுக் காமிராவும் ஸைடிங் தடமும்

என் தாயாருக்கு வயது 88. திருப்பதியில் எங்களுடன்தான் இருக்கிறார். குளியலறை வாசலில் இரண்டு முறை விழுந்துவிட்டதால் அவரது அறையில் ஒரு காமிரா மாட்டினோம். மாட்ட வந்தவர் அரை மணியில் வேலையை முடித்துவிட்டுப் போனார்.

கோடை விடுமுறைக்கு வந்த தங்கையின் பேரன், "தாத்தா, இதோட பாஸ்வேர்டை மாத்தினீங்களா?" என்று கேட்டான். நான் விழித்தேன். எங்கள் வைஃபையில் சேர்ந்து, பெயருக்கும் பாஸ்வேர்டுக்கும் 'அட்மின்' என்றே தட்டினான். அவன் கைபேசியில் என் தாயார் தலையை அவிழ்த்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. ரூட்டரைப் பார்த்தால், வெளியாட்கள் காமிராவுக்கு வரும் வழியும் திறந்தே கிடந்தது.

2016-இல் 'மிராய்' என்ற திருட்டு நிரல் இப்படித்தான் பரவியது. கம்பெனிகள் போட்டு அனுப்பும் 60-க்கும் மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தே காமிராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை 'டைன்' நிறுவனத்தைத் தாக்க, அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டர் போன்ற தளங்கள் பல மணி நேரம் கிடைக்கவில்லை. கருவியை அணைத்துப் போட்டால் மிராய் அழிந்துவிடும். ஆனால் பழைய பாஸ்வேர்டே இருந்தால் சீக்கிரமே திரும்பி வந்துவிடும்.

நம் நாட்டில் காமிராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கி 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆணையிட்டது. ஏற்கெனவே நம் சுவரில் தொங்குவதை நாம்தான் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பார்ப்பதற்காக மாட்டிய காமிரா நம் அன்பர்கள் பலர் வீட்டில் உண்டல்லவா?

ரயில்வேயில் நான் பார்த்தது சிக்னல் வேலை. ஸைடிங்கில் நிற்கும் வேகன் தானாக உருண்டாலும் மெயின் லைனுக்குள் நுழையாதபடி ட்ராப் பாயின்ட் வைப்போம். வேகன் மண்ணில் இறங்கும், எக்ஸ்பிரஸ் தப்பும். என் வீட்டிலோ காமிரா, டிவி, ஸ்மார்ட் பல்பு எல்லாம், பாங்க் கணக்குப் பார்க்கும் கைபேசியோடு ஒரே தடத்தில் ஓடிக்கொண்டிருந்தன! ரூட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒரு தனித்தடம் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. பேரன் அவற்றை அதற்கு மாற்றினான். காமிராவுக்கும் ரூட்டருக்கும் வெவ்வேறு நீளமான பாஸ்வேர்டு வைத்தான். கருவிகள் தாமாகவே வெளிக்கதவைத் திறந்துகொள்ளும் 'யுபிஎன்பி' வசதியை நிறுத்தினான். காமிராவின் மென்பொருளையும் புதுப்பித்தான். ஒரு மணி நேர வேலைதான்.

தாயாரிடம் நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"என் கட்டில் பக்கம் வேண்டாம்ப்பா. பாத்ரூம் வாசலைப் பார்த்தாப் போதும்."

அன்று மாலையே நாற்காலி போட்டு ஏறிக் காமிராவைத் திருப்பி வைத்தேன்.