விழா நாளில் வராத பிள்ளை

சென்ற வருடம் இரண்டாம் தவணையில் எங்கள் ஆரம்பப் பாடசாலையில் மாணவர் சந்தை நடைபெற்றது. காலை எட்டு மணிக்கே முற்றம் களைகட்டிவிட்டது. வேப்பமர நிழலில் பாய்களை விரித்து நான்காந் தரத்துப் பிள்ளைகள் கடை பரப்பியிருந்தார்கள். கங்குன், வல்லாரை, முருங்கைக் கீரை, தேசிக்காய், மரவள்ளிக் கிழங்கு, கொய்யா என்று ஒரு பக்கம். தொதல், பெட்டிஸ், கேக், சர்பத் என்று மறுபக்கம். வாங்க வந்தவர்கள் தாய்மாரும், மூத்தம்மாமாரும், ஏனைய வகுப்புப் பிள்ளைகளும்தான். பேரம் பேசுவதென்ன, மிச்சக் காசை விரல்விட்டு எண்ணுவதென்ன! "ரெண்டு கட்டு எடுத்தா பத்து ரூபா குறைச்சுத் தாறேன் உம்மா" என்று ஒரு சின்ன வியாபாரி தன் சொந்த உம்மாவிடமே பேரம் பேசியதைக் கேட்டு அதிபர் வாய்விட்டுச் சிரித்தார்.

பகல் பதினொரு மணிக்குள் பாய்கள் வெறுமையாகிவிட்டன. சிறந்த கடைக்கென்று நான் அறிவித்திருந்த பரிசும் வழங்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், நிகழ்ச்சி சிறப்பாக முடிந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தோம்.

மறுநாள் காலை வகுப்பு இடாப்பைத் திறந்தபோதுதான் முதல்நாள் பதிவு என் கண்ணை உறுத்தியது. 34 பிள்ளைகளில் 5 பேர் சந்தைக்கு வரவில்லை.

இடாப்பு சொன்ன கதை

அந்த ஐவரில் ஒரு சிறுமி. அடைமழையிலும் வாழை இலையைத் தலையில் பிடித்துக்கொண்டு பாடசாலைக்கு வருகின்ற பிள்ளை அவள்.

"நேத்து ஏன் வரல்ல மகள்?"

"காய்ச்சல் ஸேர்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. இடாப்பைப் பின்னோக்கிப் புரட்டினேன். விளையாட்டு விழாவன்று வரவில்லை. கல்விச் சுற்றுலாவன்று வரவில்லை. முந்திய வருடத்து வகுப்பாசிரியையிடம் அவரது இடாப்பையும் வாங்கிப் பார்த்தேன். சிறுவர் தினத்தன்றும் ஆசிரியர் தினத்தன்றும் அவளது பெயருக்கு நேரே வரவு இல்லை. சாதாரண நாட்களிலோ ஒரு நாள்கூடத் தவறவில்லை. விழா நாட்களை மட்டும் தேடி வருகின்ற காய்ச்சல் எது?

மற்ற நால்வரின் பதிவுகளும் ஏறத்தாழ இதே கதையைத்தான் சொல்லின.

சகோதரிகளே, ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விழா நாட்களில் வராத பிள்ளைகளைக் காலைக் கூட்டத்தில் நிறுத்தி, "பாடசாலை என்றால் பாடம் மட்டுமா? பொறுப்பில்லையா?" என்று நான் கண்டித்திருக்கிறேன். அவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். அதைக் குற்றவுணர்வு என்று நினைத்தேன்.

அந்தத் தாய் சொன்னது

சில நாட்களின் பின்னர் சீருடைத் துணி பெற்றுக்கொள்ள அச்சிறுமியின் தாய் பாடசாலைக்கு வந்தார். கணவரை இழந்தவர். சுபஹுக்கு முன் எழுந்து இடியப்பம் அவித்து, வீடுகளுக்கும் கடைகளுக்கும் கொடுத்து வாழ்பவர்.

"தங்கச்சி, சந்தைக்கு ஏன் மகளை அனுப்பவில்லை?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றார்.

"மௌலவி, நல்ல கடைக்குப் பரிசு எண்டு சொன்னீங்களாம். மத்தப் புள்ளைகள் கேக்கும் பெட்டிஸும் கொண்டு வருகுதாம். நான் என்னத்தக் குடுத்து அனுப்ப? இடியப்பம் ஒரு தட்டுக் கொண்டு போ புள்ள எண்டு சொன்னேன். எல்லாரும் சிரிப்பாங்க எண்டு ராவு முழுக்க அழுதா. விடிஞ்ச பிறகு நானும் போக வேணாம் எண்டுட்டேன்."

பிறகு அவர் சொன்ன ஒன்றுதான் என்னை மிகவும் வருத்தியது. அதிகாலையில் இடியப்பம் வாங்க வருவோருக்கு எண்ணிக் கொடுப்பதும், காசை வாங்கி மிச்சம் கொடுப்பதும் அந்தச் சிறுமிதானாம்! எங்கள் வகுப்பில் உண்மையான வியாபாரம் தெரிந்த ஒரே பிள்ளை, வியாபாரம் படிப்பிக்க நாங்கள் நடத்திய சந்தைக்கு வெட்கப்பட்டு வராமல் இருந்திருக்கிறாள். அந்த வெட்கத்தை உண்டாக்கியது வேறு யாருமல்ல. நான் அறிவித்த பரிசுதான்.

விழாவும் ஒரு பாடமே

"ஒரு நாள் விழாவுக்கு வராவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?" என்று சில தாய்மார் கேட்கக்கூடும். 1999 ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், சிறுபிள்ளைகளின் கற்றலை விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்று வழிகளிலும் அமைத்தது. தாய்மொழி, கணிதம், சமயம் ஆகியவற்றோடு சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளும் ஒரு பாடமாயிற்று. அதன்படி பார்த்தால் மாணவர் சந்தை வெறும் வேடிக்கையன்று. கூட்டலும் கழித்தலும் அங்கே காசாக மாறுகின்றன. விலைப்பலகை எழுதும்போது தமிழ் வருகிறது. கீரையின் பெயரும் அது வளரும் மண்ணும் தெரியவருகின்றன. அளவில் மோசடி செய்யக் கூடாது என்று நான் சமய பாடத்தில் சொல்வது தராசின் முன்னால்தான் பிள்ளைக்கு விளங்குகிறது.

முதலாந் தரத்தின் கால்கோள் விழாவும், வாசிப்பு மாதப் போட்டிகளும், மீலாத் நிகழ்ச்சியில் கிராஅத் ஓதுவதும், டெங்கு ஒழிப்புச் சிரமதானமும் அப்படித்தான். நாலு பேர் முன்னிலையில் பேசுவதற்கும், தோற்றால் பொறுப்பதற்கும், மற்றவரோடு சேர்ந்து ஒரு வேலையை முடிப்பதற்கும் பிள்ளை அங்கேதான் பழகுகிறது. விழா நாளில் வீட்டில் இருக்கும் பிள்ளை ஒரு நாள் பாடத்தை இழக்கிறது. அதைவிட மோசமாக, "இது எனக்குரிய இடமல்ல" என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கிறது.

இந்த நாட்டில் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்களும் 1993 முதல் சீருடையும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதற்கு முன்னர், அறிஞர் சித்தி லெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய காலத்தில், நம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பச் செய்வதே பெரும் போராட்டமாக இருந்தது. இன்று நம் பிள்ளைகள் பாடசாலைக்கு வருகிறார்கள். ஆனால் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் கொப்பியும் சப்பாத்தும் முட்டையும் விற்கும் விலையில், ஒரு தாய்க்கு விழாவொன்று எத்தனை நாள் சாப்பாட்டுக் காசு என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா விருந்தை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை நான் எத்தனையோ நிக்காஹ் மஜ்லிஸ்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். என் வகுப்பிலேயே அப்படியொரு விருந்தை நான் நடத்தியது எனக்குத் தெரியாமல் போயிற்று.

பெற்றோர் வட்டத்தில்

அதிபரோடு கலந்து பேசி, வகுப்புப் பெற்றோர் வட்டத்தைக் கூட்டினோம். எந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லவில்லை. "விழா நாட்களில் சில பிள்ளைகள் வருவதில்லை. செலவுதான் காரணம். என்ன செய்யலாம்?" என்று மாத்திரம் கேட்டோம்.

முதலில் எழுந்த ஒரு தாய், "எங்கட புள்ளைக்கு நாங்க ஆசைக்குச் செஞ்சு குடுக்கிறதும் பிழையா ஸேர்?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பிள்ளைக்குச் செய்து பார்க்கும் ஆசை எந்தத் தாய்க்குத்தான் இல்லை?

பேரப்பிள்ளைக்காக வந்திருந்த ஒரு மூத்தம்மாதான் பதில் சொன்னார். "அந்தக் காலத்தில பள்ளிக்குப் புடியரிசி சேர்த்தோம். சோறாக்கப் போகக்குள்ள ஒரு புடிய எடுத்துப் பானையில போடுவோம். இருக்கிறவ ரெண்டு புடி போடுவா, இல்லாதவ அரைப் புடி போடுவா. பானைக்குள்ள விழுந்தா ஆர்ட அரிசி எண்டு ஆருக்குத் தெரியும்?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. அன்று எடுத்த முடிவுகளுக்கெல்லாம் அந்தப் பிடியரிசிப் பானையே வழிகாட்டி.

சந்தைக்குரிய பொருட்களை முதல்நாளே பாடசாலைக்கு அனுப்புவது. அவற்றில் பெயர் எழுதுவதில்லை. ஆறு பிள்ளைகளுக்கு ஒரு கடை. எந்தக் கடைக்கு எது என்பதை ஆசிரியர்கள் பிரித்துக் கொடுப்பார்கள். சிறந்த கடைக்குப் பரிசு இல்லை. விளையாட்டு விழாவின் வினோத உடைப் போட்டிக்குக் கடையில் வாங்கிய, வாடகைக்கு எடுத்த உடை கூடாது. வீட்டில் உள்ள பொருட்களைக் கொண்டே வேடம் போட வேண்டும். ஆசிரியர் தினத்தில் வகுப்பில் பிள்ளைகள் தம் கையால் செய்யும் வாழ்த்து அட்டையைத் தவிர வேறு அன்பளிப்பு எதையும் நாங்கள் ஏற்பதில்லை.

ஒரு ஸஹனைச் சுற்றி

ஒக்டோபர் 1 சிறுவர் தினம் வந்தது. முன்னைய வருடங்களில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வரும். ஒருவர் பெட்டியில் பொரித்த கோழி, இன்னொருவர் பெட்டியில் சம்பல். பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடாமல் மூடியை அரைவாசி திறந்து சாப்பிட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

இம்முறை தாய்மார் பாடசாலையிலேயே ஒன்றாகச் சமைத்தார்கள். அரிசி ஒரு வீடு, தேங்காய் ஒரு வீடு, விறகு ஒரு வீடு என்று வந்தது. ஒன்றும் கொண்டு வர இயலாதவர் வெங்காயம் உரித்தார். நம் கல்யாண வீடுகளில் போலப் பாய் விரித்து ஸஹன் வைத்தோம். ஒரு ஸஹனைச் சுற்றி ஆறு பிள்ளைகள். யார் வீட்டு அரிசி, யார் வீட்டு இறைச்சி என்று எவருக்கும் தெரியாது. முதலில் கோபப்பட்ட அந்தத் தாய்தான் ஓடி ஓடிக் கறி பரிமாறினார்.

அன்று இடாப்பில் அச்சிறுமியின் பெயருக்கு நேரே வரவு பதிந்தேன்.

மூன்றாம் தவணையில் மீண்டும் ஒரு சந்தை நடத்தினோம். கடைகளுக்குச் சில்லறை மாற்றிக் கொடுக்க ஒரு மேசை போட்டு, அதற்கு அவளைப் பொறுப்பாக்கினேன். ஆயிரம் ரூபாத் தாளுக்குக் கணக்குத் தெரியாமல் தடுமாறிய கடைக்காரர்களெல்லாம் அவள் முன் வரிசையில் நின்றார்கள். மூலையில் ஒரு கடையில் இடியப்பமும் சொதியும் இருந்தன. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டன. யார் வீட்டு இடியப்பம் என்று எவரும் கேட்கவில்லை. மாலையில் கணக்கை ஒப்படைக்கும்போது, "ஸேர், முப்பது ரூபா கூட இருக்கு. ஆரோ மிச்சம் வாங்காமப் போயிட்டாங்க" என்றாள். மறுநாள் வகுப்பு வகுப்பாகச் சென்று உரியவரைத் தேடிக் கொடுத்த பின்னர்தான் அவளுக்கு மனம் ஆறியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சந்தைக்கும் இருவர் வரவில்லை. ஒருவனுக்கு மெய்யாகவே காய்ச்சல். மற்றவனின் வீட்டுக்கு அஸருக்குப் பிறகு போனேன். சப்பாத்துப் பிய்ந்துவிட்டது. விருந்தினர் வரும் நாளில் வெறுங்காலோடு நிற்க அவன் விரும்பவில்லை. எங்கள் கண்ணில் படாத கதவுகள் இன்னும் எத்தனை மூடிக் கிடக்கின்றனவோ!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

சகோதரிகளே, உங்கள் பிள்ளை பாடசாலை விழாவுக்கு ஏதேனும் கேட்டு நிற்கும்போது, "உன் பக்கத்தில் இருப்பவர் என்ன கொண்டு வருவார்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் பிள்ளையை விசாரித்து வரச் சொல்லாதீர்கள்; அதுவும் ஒரு பிள்ளையை வெட்கப்படுத்தும். இரண்டு பேருக்குப் போதுமானதைச் செய்து, பெயர் சொல்லாமல் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் பணம் சேர்க்கும் பேச்சு வந்தால், "கொடுக்க முடியாதவர்களுக்கு என்ன வழி?" என்று முதலில் கேட்பவர் நீங்களாக இருங்கள்.

கொடுக்க இயலாத நிலையில் உள்ள சகோதரிகளே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். "காய்ச்சல்" என்று சொல்லப் பிள்ளைக்குப் பழக்காதீர்கள். நல்ல நோக்கத்தோடுதான் செய்கிறீர்கள்; ஆயினும் பிள்ளை பொய்யையும் ஒளிவதையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. வகுப்பாசிரியரிடம் தனியாக வந்து, "இம்முறை என்னால் ஏலாது" என்று சொல்லுங்கள். வறுமை குற்றமன்று. பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புங்கள். அந்தக் கையில் ஒரு வேலையைக் கொடுப்பது எங்கள் கடமை.

என் போன்ற ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. விழா முடிந்ததும் புகைப்படங்களைப் பார்த்து மகிழ்கிறோம். அதற்கு முன் இடாப்பைத் திறந்து, அந்தப் படங்களில் இல்லாத பிள்ளைகள் யார் என்று பார்ப்போம்.

நம் பாடசாலைகளில் எந்தப் பிள்ளையும் வாசலுக்கு வெளியே நிற்காத விழாக்களை நடத்த வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.