மண்ணெண்ணெய் மணமும் சிரட்டைக் கரியும்

1990ஆம் ஆண்டு தொடங்கி 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக் காலம் வரையில், பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்ட பொருள்களாகி, ஒரு போத்தல் பெற்றோலைக் கண்ணில் காண்பதே அபூர்வமாயிருந்த வன்னியில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயிலேதான் ஓடின. சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அக்காலச் சாரதிகளின் நித்திய கருமம். இந்த வித்தை முழுவதும் நம்மவர் கண்டதே என்று பெருமை பேசுவோர் உண்டு. ஆனால் 1940களின் இறுதியில் இங்கிலாந்தில் வெளிவந்த பேர்கசன் உழவு இயந்திரங்களுள் ஒருவகை இவ்விதமே பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடியது. ஆயினும், அதற்கென ஆக்கப்படாத எஞ்சின்களை அதற்கு இணங்கவைத்த பெருமை நம்மவருக்கே உரியது. அக்காரில் ஏறி இறங்கியவரின் சட்டையிலும் தலைமயிரிலும் மணம் ஒட்டிக்கொள்ளும். அதை ஒரு குறையென எவரும் சொல்லக் கேட்டதில்லை. கார் ஓடியதே பெரிது.

இன்று நமக்கு மூக்கு வந்துவிட்டது. சென்ற சிறுபோகத்தில், தோட்டத்து நீர்ப்பம்புக்கென ஐந்து லீற்றர்க் கானொன்றைப் பின்னிருக்கையில் வைத்துப் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் வந்துகொண்டிருந்தபோது, விசுவமடுவை அண்டிய ஒரு குழியில் கார் இறங்கி ஏற, சரியாக இறுக்காத மூடி நெகிழ்ந்து, அரைப் போத்தல் அளவான மண்ணெண்ணெய் இருக்கைக்குள் இறங்கிவிட்டது. “சாம்பிராணி போட்டா எல்லா மணமும் போயிடும், தம்பி” என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. நல்லவேளையாக நான் அதைக் கேட்கவில்லை. எண்ணெய் ஊறிய பஞ்சு விளக்குத் திரிக்கு ஒப்பானது, அதனருகே தணலைக் கொண்டுசெல்வது காரைக் கொளுத்துவதற்கான உபாயமே. சிந்தியது பெற்றோலாயின் அபாயம் பன்மடங்கு. அதன் ஆவி காற்றினும் பாரமானதாகையால் கால்மிதிக்கருகே தேங்கி நின்று, ஒரு சிறு பொறிக்குக் காத்திருக்கும்.

மணம் ஏன் போக மறுக்கிறது? மண்ணெண்ணெய் தனியொரு பதார்த்தமன்று. ஏறக்குறைய பத்து முதல் பதினாறு காபன் அணுக்கள் வரை கொண்ட ஐதரோகாபன்கள் பலவற்றின் கலவை. பெற்றோலின் மூலக்கூறுகள் இவற்றிலும் சிறியவை. ஆகவே அது விரைந்து பறந்துபோகிறது. மண்ணெண்ணெயோ 150 பாகை செல்சியசுக்கு மேலே கொதிக்கத் தொடங்கி 300 பாகை வரையில் நீளும் சோம்பேறித் திரவம். டீசல் அதனிலும் மந்தம். இருக்கையினுள்ளே இருக்கும் பொலியூறித்தேன் பஞ்சு, எண்ணிறந்த கண்ணறைகளைக் கொண்டு, எண்ணெயை விருந்தினரைப்போல உள்வாங்கி வைத்துக்கொள்கிறது. உஷ்ணம் பத்துப் பாகை கூடினால் இவ்வெண்ணெயின் ஆவியழுத்தம் ஏறத்தாழ இரட்டிக்கும். வெயிலில் பூட்டிவைத்த காருக்குள் 50 பாகையைக் கடப்பது நம்மூரில் சாதாரணம். இரவில் மணம் போய்விட்டதென்று நிம்மதியடைந்தவர் மறுநாள் மத்தியானம் கதவைத் திறந்து முகம் சுளிப்பதன் காரணம் இதுவே.

அப்பச்சோடாவைத் தூவு என்பாரும், வினாகிரி தெளி என்பாரும், தேசிக்காயை வெட்டிவை என்பாரும் பலர். அப்பச்சோடா புளித்த பாலின் அமிலத்தை அடக்கும். வினாகிரி மீன் மணத்தின் காரத்தை அடக்கும். ஐதரோகாபனோ அமிலமுமன்று, காரமுமன்று. சோடாத்தூள் மேற்பரப்பின் ஈரத்தைச் சிறிது உறிஞ்சலாம், அவ்வளவே. வாசனைத் திரவியத்தால் மறைக்க முயல்வோருக்கு மல்லிகை மணக்கும் மண்ணெண்ணெய் கிடைக்கும்.

செய்யத்தக்கது, இருக்கையைக் கழற்றி வெளியே எடுப்பது. பழைய பருத்தித் துணிகளைத் தேய்க்காமல் அழுத்தி ஒற்றி, ஊறியதில் இயன்ற அளவை எடுத்துவிட்டு (அத்துணிகள் அடுப்படிப் பக்கம் போகலாகாது), பாத்திரம் கழுவும் சவர்க்கார நீரைச் சிறிதளவே விட்டுப் பிசைந்து, மறுபடியும் ஒற்ற வேண்டும். சவர்க்கார மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொள்வதால், வெறும் நீருக்கு இணங்காத எண்ணெய் இதற்கு இணங்கி வெளியேறும். பின்னர் பஞ்சை நிமிர்த்தி வெயிலிலும் காற்றிலும் பல நாள் நிறுத்த வேண்டும். இதற்குச் சோளகம் வீசும் ஆடி, ஆவணி உகந்தவை. மாரியில் இவ்வேலையைத் தொடங்குபவர் பூஞ்சணத்தின் மணத்தையும் சேர்த்துப் பெறுவார்.

எஞ்சிய சிறிதளவுக்கு உரிய பரிகாரம், பொட்டலமாகக் கட்டி இருக்கைக்கடியில் வைக்கும் கரி. சிரட்டையைக் காற்றுக் குறைவாக எரித்துக் கரியாக்கி, அதன்மேல் ஏறக்குறைய 900 பாகை உஷ்ணத்தில் நீராவியைச் செலுத்தினால், கண்ணுக்குப் புலனாகாத சூக்ஷ்ம துவாரங்கள் அதனுள் கோடிக்கணக்கில் திறந்துகொள்கின்றன. இவ்விதம் ஆக்கிய ஒரு கிராம் கரியின் உள்மேற்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீற்றர். நம் கணக்கில் நான்கு பரப்புக் காணி. ஆவியின் மூலக்கூறுகள் அத்துவாரச் சுவர்களில் ஒட்டி நின்றுவிடுகின்றன. முதலாம் உலகப்போரில் நச்சுவாயுக் கவசங்களுக்குச் சிரட்டைக் கரி தேடப்பட்டதும் இக்குணத்தாலேயே. 1973இல் நிறுவப்பட்ட ஹேகார்ப் முதலிய இலங்கை நிறுவனங்கள் இக்கரியை உலகெங்கும் ஏற்றுமதி செய்கின்றன. அது கிடையாதவர் பளைத் தென்னந்தோட்டத்துச் சிரட்டையில் சுட்ட சாதாரணக் கரியை நொறுக்கிப் பயன்படுத்தலாம். வலிமை குறைவாதலால் அளவைக் கூட்டி, வாரந்தோறும் மாற்ற வேண்டும்.

காரிலேயும் இக்கரி ஒளிந்திருக்கிறது. தாங்கியிலிருந்து எழும் பெற்றோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டி, 1970இல் கலிபோர்னியாவிலும் அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுவதிலும் புதிய கார்களில் இடம்பெறத் தொடங்கியது. எண்ணெய் எதுவும் சிந்தாமலே மணம் வந்தால், அப்பெட்டியையும் அதன் இரப்பர்க் குழாய்களையும் முதலில் பார்ப்பது முறை. கசிவை அடைக்காமல் இருக்கையைக் கழுவுவது வீண் உழைப்பு.

இருபது நாளின் பின் என் மூக்கு எதையும் உணரவில்லை. பழகிய மணத்தை நாசி விரைவில் மறந்துவிடுமாதலால் அதை நம்பாமல், தடைக்காலத்தில் கேம்பிரிட்ஜ் ஓட்டிய முதியவர் ஒருவரை மத்தியான வெயிலில் அழைத்துவந்தேன். அவர் தலையை உள்ளே நீட்டி நன்றாக மோந்துபார்த்து, “ஒண்டுமில்லை” என்றார். அவருடன் வந்த பத்து வயதுப் பேர்த்தியோ கதவருகே நின்றபடியே, “விளக்கு மணக்குது, தாத்தா” என்றாள். கரிப்பொட்டலங்களைப் புதிதாகக் கட்டி மறுபடியும் இருக்கைக்கடியில் வைத்தேன்.