பதினெட்டு வயதும் ஒரு கையொப்பமும்

வங்கிக் கிளையில் ஒரு காலை நேரம். தாயும் மகனும் வருகிறார்கள். மகனுக்கு அண்மையில்தான் 18 வயது நிறைவடைந்திருக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள அந்த இளைஞர், எதையும் சற்று நிதானமாகவே புரிந்துகொள்வார். பேசுவதற்கும் சிறிது நேரம் எடுத்துக்கொள்வார். "என்ன வேண்டும், மேடம்?" என்று அலுவலர் தாயிடம் கேட்கிறார். "இவனுடைய கணக்கை என் பெயருக்கு மாற்றிவிடுங்கள், சார். இவனுக்கு இதெல்லாம் தெரியாது" என்கிறார் தாய். படிவத்தில் கையொப்பத்துக்காக விடப்பட்ட கட்டத்தை மகன் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இக்காட்சியை நாம் கற்பனையாகவே எழுதியுள்ளோம். ஆயினும் நாட்டின் எந்த ஊரிலும் எந்தக் கிளையிலும் இது நடக்கக்கூடியதே. இதில் தாயின் அன்பையோ அலுவலரின் மரியாதையையோ குறை கூற இயலாது. இருப்பினும், ஓர் இளைஞரின் வயதுவந்த வாழ்க்கை அவரைக் கேளாமலேயே முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. இது குறித்து நம் வாடிக்கையாளர்களோடு சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஒரே நாளில் மாறும் இரண்டு நிலைகள்

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். இது மொத்த மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. அக்கணக்கெடுப்பு நடந்த காலத்தில் நடைமுறையிலிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அவ்வெண்ணிக்கையை 21 ஆக உயர்த்தியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு போன்றவை அப்போதுதான் பட்டியலில் இடம்பெற்றன.

இச்சட்டப்படி, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அதே 18ஆம் வயதில் அவர்கள் சட்டத்தின் பார்வையில் வயதுவந்தோர் ஆகிறார்கள். பெற்றோர் என்ற முறையில் அவர்களுக்காகக் கையொப்பமிடும் அதிகாரம் தாய் தந்தையருக்கு முடிவுக்கு வருகிறது. பள்ளி வாசலும் மூடுகிறது, பெற்றோரின் கையொப்பமும் செல்லாமற் போகிறது. அதுவரை ஆயத்தம் செய்யாத குடும்பம் அன்று திகைத்து நிற்பது இயல்பே. ஆகவே, தனித்து வாழும் பயிற்சி 18ஆம் பிறந்தநாளில் அல்லாமல் பல ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கவேண்டும்.

பணத்தோடு பழகும் பருவம்

10 வயது நிறைந்த சிறார், வங்கி விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டுத் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே தொடங்கி இயக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ளது. மாற்றுத்திறனுடைய குழந்தைகளின் பெற்றோருக்கு இது நல்ல வாய்ப்பு. மாதந்தோறும் ஒரு சிறு தொகை, அதைத் தாமே எடுத்துச் செலவிடும் உரிமை, கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்டுவாங்கும் பழக்கம் ஆகியவை எந்தப் பாடநூலும் தராத கல்வியைத் தரும்.

எண்களை வாசிக்க இயலாத பிள்ளை, தாளின் நிறத்தையும் அளவையும் கொண்டு ரூபாய் நோட்டுகளை இனங்காணக் கற்றுக்கொள்ளலாம். வாங்கவேண்டிய பொருளின் படத்துக்கு அருகே அதற்குரிய நோட்டின் படத்தை ஒட்டிக்கொண்டு கடைக்குச் செல்லலாம். சற்று வளர்ந்தபின், அன்றாட வரம்பு குறைவாக வைக்கப்பட்ட பற்று அட்டையைக் கையாளலாம். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதை வீட்டிலேயே நடித்துப் பழகலாம்.

இப்பயிற்சியில் பிழை நேரும். 200 ரூபாயை ஒரே நாளில் செலவழித்துவிட்டு அவர் வெறுங்கையோடு திரும்பக்கூடும். அதைக் காரணமாகக் காட்டி அட்டையைப் பறித்துவிட வேண்டாம். நாம் ஒவ்வொருவரும் இப்படித்தான் பணத்தின் அருமையைக் கற்றோம். சிறு தொகையில் தவறு செய்யும் வாய்ப்பை மறுத்தால், பெருந்தொகையைக் காக்கும் திறனும் வளராமற் போய்விடும்.

பாதுகாவலர் எப்போது தேவை?

"18 வயது நிறைந்ததும் பாதுகாவலர் சான்றிதழ் பெற்றே ஆகவேண்டும்" என்ற எண்ணம் பல குடும்பங்களில் நிலவுகிறது. இதில் தெளிவு தேவை. மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏனையோரைப் போலவே சொத்து வைத்திருக்கவும், வாரிசுரிமை பெறவும், தம் நிதி விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கவும், வங்கிக் கடன் பெறவும் உரிமை உண்டு என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் ஆகியவற்றில் குறைபாடு உள்ளது என்பதற்காக மட்டும் ஒருவருக்குப் பாதுகாவலர் தேவைப்படுவதில்லை.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளுக்காக 1999ஆம் ஆண்டில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இதன்கீழ் மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர் அளவிலான குழு, 18 வயது கடந்தவருக்குத் தேவையெனக் கண்டால் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். அக்குழு வழங்கும் சான்றிதழை வங்கிகள் ஏற்றுக் கணக்குத் தொடங்கவும் இயக்கவும் அனுமதிக்கலாம் என ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது.

ஆனால் அக்குழுவும்கூட, பாதுகாவலர் உண்மையிலேயே தேவையா, எந்தெந்தச் செயல்களுக்குத் தேவை என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டமும் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' என்ற கருத்தையே முன்வைக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்காக, அந்த இளைஞரோடு கலந்து, அவருடைய விருப்பத்துக்கு இசைய முடிவெடுப்பதே அதன் பொருள். வீட்டை விற்பது போன்ற பெரிய முடிவுக்குத் துணை தேவைப்படும் ஒருவர், தம் மாதச் சம்பளத்தைத் தாமே எடுத்துச் செலவிட வல்லவராக இருக்கலாம். ஆகவே, விண்ணப்பிக்கும் முன் பிள்ளை தாமே செய்யக்கூடியவை எவை, துணையோடு செய்யக்கூடியவை எவை, பிறரே செய்யவேண்டியவை எவை என்று மூன்று பட்டியல்களை எழுதிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் முதல் இரண்டு பட்டியல்களும் பெற்றோர் நினைத்ததைவிட நீளமாகவே இருக்கும்.

வங்கியிடம் கேட்டுப் பெறவேண்டியவை

பார்வைக் குறைபாடுடைய வாடிக்கையாளர்களுக்குக் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். வசதி, இணையவழி வங்கிச் சேவை, பாதுகாப்புப் பெட்டகம் ஆகியவற்றை மறுக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கையொப்பமிட இயலாதவர் பெருவிரல் ரேகையைப் பதிக்கலாம். கைகளைப் பயன்படுத்த இயலாதவர் கால்விரல் ரேகையைப் பதிக்கலாம். இரு சாட்சிகள் உறுதிசெய்யவேண்டும். அவர்களுள் ஒருவர் வங்கி அலுவலராக இருக்கவேண்டும். கிளைக்கு வர இயலாதோருக்கு வீட்டுக்கே சென்று அடிப்படைச் சேவைகளை வழங்குமாறும் வங்கிகளுக்கு 2017ஆம் ஆண்டில் அறிவுறுத்தப்பட்டது.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பை வழங்கியது. மின்னணு முறையில் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும்போது கண் சிமிட்டும்படி கேட்பது, அமிலத் தாக்குதலுக்கு உள்ளானோருக்கும் பார்வைக் குறைபாடுடையோருக்கும் தடையாக இருப்பதாக வழக்குத் தொடரப்பட்டது. மின்னணுச் சேவைகளை அணுகும் வாய்ப்பு, அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று கூறிய நீதிமன்றம், மாற்று வழிமுறைகளை வகுக்குமாறு பணித்தது. ஆகவே இத்தகைய வசதிகளைக் கேட்கும்போது தயங்க வேண்டியதில்லை. நீங்கள் சலுகை கேட்கவில்லை; உரிமையைக் கேட்கிறீர்கள்.

வேலையும் தன்மதிப்பும்

அரசு வேலைவாய்ப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான இடஒதுக்கீடு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் 3 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்ந்தது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்காக அதில் 1 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது.

மும்பையைச் சேர்ந்த மாலினி சிப்பின் வாழ்க்கையை இங்கே நினைவுகூரலாம். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த அவர் கல்லூரிப் படிப்பை மும்பையிலும் முதுநிலைப் படிப்புகளை இலண்டனிலும் முடித்தார். மும்பையில் ஒரு புத்தக நிலையத்தில் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றினார். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு 'ஒன் லிட்டில் ஃபிங்கர்' எனப் பெயரிட்டார். தட்டச்சு செய்ய அவருக்கு உதவிய ஒற்றை விரலையே அப்பெயர் சுட்டுகிறது. அவர் தாய் மிது ஆலூர், மகளைப் போன்ற குழந்தைகளின் கல்விக்காக 1972ஆம் ஆண்டில் மும்பையில் இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தை நிறுவியவர். அன்றாடத் தேவைகளுக்குப் பிறர் உதவியைப் பெறுபவரும் தம் வாழ்வைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்பதற்கு மாலினி சான்று. எல்லாவற்றையும் தனியாகச் செய்வதே சுதந்திரம் என்று எண்ணத் தேவையில்லை. யாரிடம், எப்போது, எந்த உதவியைப் பெறுவது என்று தாமே முடிவு செய்வதும் சுதந்திரமே.

"எங்களுக்குப் பிறகு?"

பெற்றோரை இரவில் உறங்கவிடாத கேள்வி இதுவே. இதற்கு முழுமையான விடையை எந்த வங்கியாலும் தர இயலாது. எனினும் சில ஆயத்தங்களை இன்றே செய்யலாம்.

உயில் எழுதுங்கள். கணக்கில் வாரிசு நியமனம் செய்திருப்பது மட்டும் போதாது. நியமனதாரர் பொதுவாகத் தொகையைப் பெற்று உரியவரிடம் ஒப்படைக்கும் பொறுப்பாளரே. அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. சொத்தை நிர்வகிப்பது பிள்ளைக்குக் கடினம் எனில், 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி அவருக்கென ஒரு தனியார் அறக்கட்டளையை ஏற்படுத்துவது குறித்து வழக்கறிஞரை அணுகலாம். மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோர், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனுடைய பிள்ளையின் பெயரைக் குடும்ப ஓய்வூதியத்துக்காகத் தாம் வாழும்போதே பதிவுசெய்துவைப்பது நலம்.

"அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்று நம்பி, அண்ணனிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் விட்டுவிடாதீர்கள். உடன்பிறந்தோருக்கும் தனி வாழ்க்கை உண்டு. அவர்களால் எவ்வளவு இயலும் என்பதைப் பேசித் தெரிந்துகொள்வது இரு பிள்ளைகளுக்கும் நன்மை தரும்.

ஒரு குறிப்பேட்டையும் எழுதிவையுங்கள். உண்ணும் மருந்து, பார்க்கும் மருத்துவர், பிடித்த உணவு, அஞ்சும் ஓசை, கோபம் வந்தால் அமைதிப்படுத்தும் வழி ஆகியவற்றைத் தாய் ஒருவரே அறிந்திருப்பார். அவற்றைப் பிறரும் அறியச் செய்வது, வைப்பு நிதிக்கு இணையான சேமிப்பு. பிள்ளையையும் அருகில் அமர்த்திக்கொண்டு எழுதுங்கள். நீங்கள் அறியாத சிலவற்றை அவரே சொல்லக்கூடும்.

தொடக்கத்தில் கண்ட கிளைக்குத் திரும்புவோம். அதே தாய், அதே மகன். இம்முறை அலுவலர் மகனைப் பார்த்து, "தம்பி, கணக்கை இனி நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா? அம்மா கூட இருந்து உதவட்டும்" என்று கேட்கிறார். மகன் தாயைப் பார்க்கிறார், பிறகு தலையசைக்கிறார். பேனாவை எடுத்து ஒவ்வோர் எழுத்தாகத் தம் பெயரை எழுதுகிறார். நான்கு நிமிடங்கள் ஆகின்றன. பின்னால் வரிசையில் நிற்போர் அந்நான்கு நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையை அலுவலர்களாகிய எங்களிடமும் வாடிக்கையாளர்களாகிய உங்களிடமும் அவர் எதிர்பார்க்கலாம்.